கணினியும் தேகப் பிரயாசையும்

லண்டன் மாநகரத்து இரட்டைத் தட்டு பஸ்களில், நாள் முழுவதும் ஆசனத்தை விட்டு எழாமல் வண்டியை ஓட்டும் டிரைவரையும், அதே வண்டியில் மேலும் கீழும் ஏறியிறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், டிரைவர்களுக்கே இருதய நோய் அதிகமாக வருகிறது என்று 1953-ஆம் ஆண்டில் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்ட முடிவு, உட்கார்ந்து செய்யும் உத்தியோகத்தைப் பற்றி உலகம் கொண்டிருந்த அபிப்பிராயத்தை ஆட்டங்காணச் செய்தது. வெயில் படாமல் நிழலில் உட்கார்ந்து சம்பாதிப்பதே பெரும் பாக்கியம் என்று பிள்ளைகளை வாழ்த்தி வந்த சமூகங்களுக்கெல்லாம் அது கசப்பான செய்திதான். அந்த ஆராய்ச்சிக்குப் பின் வந்த தலைமுறைகளில் கணினி மேஜைக்கு மேஜை வந்து அமர்ந்தது. அதன் எதிரே கோடிக்கணக்கான மனிதர்களும் அமர்ந்தார்கள். கண்ணும் பத்து விரல்களும் தவிர மற்ற அவயவங்களுக்கு வேலையே இல்லாத ஒரு தொழில் முறை, விவசாயத்துக்கு அடுத்தபடியாக மனித குலத்தின் பெருந்தொழிலாகிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குப் பரவிவிட்டது.

இந்த நிலைக்குப் பரிகாரமாகச் சொல்லப்படும் யோசனைகளில் கவர்ச்சி மிகுந்தது ஒன்று உண்டு. மனிதனைக் கணினியிடமிருந்து எழுப்பி வெளியே அனுப்புவதற்குப் பதிலாக, கணினியோடு அவன் பழகும் முறையையே மாற்றி, கையை வீசியும் காலால் மிதித்தும் நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் அதற்குக் கட்டளையிடும்படி செய்துவிட்டால், வேலையும் நடக்கும், தேகப் பயிற்சியும் கூடவே நடந்துவிடும் என்பதே அந்த யோசனை. இதை வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கக் கலைஞர் மைரன் க்ரூகர் 1970-களிலேயே, ஓர் அறைக்குள் நுழைந்தவரின் நிழலுருவத்தைக் காமிராவால் பிடித்து, அவருடைய அசைவுகளுக்குத் திரையில் உள்ள உருவங்கள் பதில் சொல்லும்படி செய்து காட்டினார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் போல்ட், சுவரளவு திரையின் முன் அமர்ந்தவர் விரலால் சுட்டிக்காட்டி, அதை அங்கே வை என்று வாயால் சொன்னால் கணினி கீழ்ப்படியும் ஏற்பாட்டை அமைத்தார். ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த இந்த ஆசை, 2006-இல் நின்டெண்டோவின் 'வீ' விளையாட்டுப் பெட்டியாகவும், 2010-இல் உடலசைவைக் காமிராவால் அறியும் மைக்ரோசாப்டின் 'கினெக்ட்' கருவியாகவும் வீட்டுக் கூடங்களுக்குள் புகுந்தது. ஆகவே இன்று இம்முறையை அதன் வாக்குறுதிகளைக் கொண்டு மட்டுமல்லாமல், அதன் சரித்திரத்தைக் கொண்டும் எடைபோட நமக்குச் சாத்தியமாகிறது.

முதலில் அதன் மேன்மைகளைச் சொல்வதே நியாயம். பொத்தான்கள் நிறைந்த விளையாட்டுக் கருவியைக் கண்டு ஒதுங்கியிருந்த பாட்டனாரையும் பாட்டியாரையும், டென்னிஸ் மட்டையைப் போலக் கையில் பிடித்து வீசினால் போதும் என்று சொல்லி ஆட்டத்துக்குள் இழுத்துவந்தது 'வீ'யின் தனிச் சாதனை. உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்ற அந்தப் பெட்டி, அமெரிக்காவின் முதியோர் இல்லங்களில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பந்து உருட்டும் போட்டிகளுக்குக் காரணமாயிற்று. கோனாமி நிறுவனம் 1998-இல் ஜப்பானில் வெளியிட்ட நடன விளையாட்டோ இன்னும் வெளிப்படையானது: நான்கு திசைகளுக்கும் அம்புக்குறி இட்ட மேடைமீது நின்று, திரையில் எழும் குறிகளுக்கு ஏற்பத் தாளம் தவறாமல் மிதிக்க வேண்டும், மிதிக்காதவனுக்கு ஆட்டமே இல்லை. விளையாட்டு மைதானத்தைக் கண்டாலே பின்வாங்கும் பிள்ளைகளும் இதில் வியர்க்க வியர்க்க ஆடுவதைக் கண்டு, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் அதைத் தன் பொதுப் பள்ளிகளில் தேகப் பயிற்சியின் அங்கமாகச் சேர்க்கப்போவதாக 2006-இல் அறிவித்தது. விளையாட்டுக்கு அப்பாலும் உபயோகம் உண்டு. அறுவைச் சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் ஸ்கேன் படத்தைத் திருப்பிப் பார்க்க விரும்பும் மருத்துவர், கீபோர்டைத் தொட்டால் மறுபடியும் கை கழுவிச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் 2011-இல் கினெக்டைப் பொருத்தி, தொடாமலே கையசைப்பால் படங்களைப் புரட்டும் வசதியைச் செய்துகொண்டார்கள். விளம்பரத்துக்காகச் சோடிக்கப்பட்ட தேவையல்ல அது. உண்மையான இடையூறு ஒன்று அங்கே உண்மையாகவே நீங்கியது.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதலாவது குறை தேகத்தின் களைப்பு. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் கூடியிருந்தோர்முன் காட்டிய மவுஸ் என்னும் சிறு சாதனத்தின் நுட்பம், அது எதைச் செய்யச் சொல்கிறது என்பதில் அன்று, எதைச் செய்யாமல் விடச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. முழங்கை மேஜைமீது சாய்ந்திருக்க, மணிக்கட்டு சில விரற்கடை நகர்ந்தால், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அம்பு பாய்கிறது; ஆள்காட்டி விரல் இம்மியளவு அழுந்தினால் சொடுக்குச் சத்தத்தோடு காரியம் முடிகிறது, முடிந்ததை விரலே அறிகிறது. இதற்கு மாறாகக் கினெக்டின் முன் நிற்பவர் திரையில் உள்ள ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். கையை முன்னே நீட்டி, கைக்குறி அந்தப் பொத்தானின் மீது வந்து நிற்கும்படி தடவித் தடவிக் கொண்டுவந்து, அதைச் சுற்றி ஒரு வளையம் மெல்ல நிறையும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இடையில் கை நழுவினால் வளையம் கலைந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் தடவை வேடிக்கையாக இருக்கும் இந்தச் சடங்கு, நாற்பதாவது தடவை தண்டனையாகிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் திரையை நீட்டிய கையால் தொட்டு நெடுநேரம் வேலை செய்வோருக்கு வரும் இந்தத் தோள்வலியைப் பொறியியலாளர் 'கொரில்லாக் கை' என்று பரிகாசமாகச் சொல்வதுண்டு. மடிக்கணினியின் நிமிர்ந்த திரையில் தொடுவசதி வைக்காததற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் சொன்ன காரணமும் இந்தக் களைப்புத்தான்.

இரண்டாவது குறை, கருத்தைப் பற்றியது. கீபோர்டில் கை வைக்காதவன் ஒன்றும் சொல்லவில்லை என்பது கணினிக்கு நிச்சயம். ஆனால் காமிராவின் முன் நிற்பவன் எந்த நேரமும் ஏதாவது செய்துகொண்டேதான் இருக்கிறான்: தலையைச் சொறிகிறான், கொட்டாவி விட்டுக் கையை நீட்டுகிறான், பக்கத்தில் வந்த குழந்தையை வா என்று அழைக்கிறான். இவற்றுள் கட்டளை எது, சுபாவமான அசைவு எது என்று பகுத்தறிவது இயந்திரத்துக்கு எளிதன்று. அதைப் பகுக்கத்தான் மேலே சொன்ன வளையமும் காத்திருப்பும் வேண்டியிருந்தன. இதோடு ஸ்பரிசம் இல்லாத குறையும் சேருகிறது. காற்றில் அழுத்திய பொத்தான் அழுந்தியதா என்பதை விரல் சொல்லாது. கண்தான் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகையால், உடலுக்கு வேலை கொடுப்பதாக ஆரம்பித்த முறை, கண்ணுக்கும் சேர்த்து வேலை கொடுப்பதாக முடிகிறது.

மூன்றாவது குறையே எல்லாவற்றிலும் ஆழமானது. மனித சரீரம் இயல்பிலேயே சிக்கனமானது; ஒரு காரியம் குறைந்த பிரயாசையில் நடக்குமென்றால், அந்தக் குறைந்த பிரயாசையை அது தானே கண்டுபிடித்துவிடும். 'வீ'யின் கைக்கருவி, கை எவ்வளவு தூரம் சென்றது என்பதைவிட எவ்வளவு விசையோடு அசைந்தது என்பதையே முக்கியமாக உணர்ந்தது. ஆகவே முதல் வாரத்தில் கூடத்தின் நடுவே நின்று தோளோடு கையை வீசியவர்கள், பின்பு சோபாவில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டை வெடுக்கென்று சுண்டியே அதே ஆட்டத்தை வென்றார்கள். நடன மேடையிலும், கைதேர்ந்தவர்கள் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்து உடற்பாரத்தை அதன்மேல் சாய்த்துக் கால்களை மட்டும் இயக்குகிறார்கள். இதை ஏமாற்று என்று இகழ்வது தவறு. கற்றுத் தேர்வதென்பதே வீண் அசைவைக் களைவதுதான். சக்கர நாற்காலியில் இருந்த முதியவரை ஆட்டத்தில் சேர்த்த நெகிழ்ச்சியும், இளைஞனைச் சோபாவில் சாயவிட்ட நெகிழ்ச்சியும் ஒன்றேயாகையால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவும் வழியில்லை.

ஆராய்ச்சிகளும் இதையே உறுதி செய்கின்றன. 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், சில குழந்தைகளுக்கு உடல் அசைத்து ஆடும் 'வீ' விளையாட்டுகளும், வேறு சிலருக்கு உட்கார்ந்தே ஆடும் விளையாட்டுகளும் கொடுத்து, இடுப்பில் அணிந்த கருவியால் அவர்களுடைய அசைவை அளந்தார்கள். இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. 2016-இல் தெருத் தெருவாக மக்களை நடக்கவைத்த 'போக்கிமான் கோ' விளையாட்டைப் பற்றிய ஆய்வு ஒன்று, அதே ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் வந்தது. முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி 955 அடிகள் கூடின, ஆறாவது வாரத்தில் அந்த ஏற்றம் இருந்த இடம் தெரியவில்லை. புதுமை தரும் உற்சாகம் நம்மை எழுப்பி நடக்கவைக்கிறது. பழக்கம் மறுபடியும் உட்காரவைத்துவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே சற்று வேறுபட்டு நிற்பது, கணினி மேஜையின் கீழே டிரெட்மில்லை வைத்து மெதுவாக நடந்துகொண்டே வேலை செய்யும் முறை. மேயோ கிளினிக்கில் பணியாற்றிய ஜேம்ஸ் லெவைன் இதற்குப் பெரும் பிரசாரகர். ஒல்லியானவர்களைக் காட்டிலும் பருமனானவர்கள் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அதிகமாக உட்கார்ந்திருந்தார்கள் என்று அவர் குழுவினர் 2005-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் காட்டிய முடிவே இம்முறைக்கு அஸ்திவாரம். இதன் சிறப்பு, அசைவைக் கட்டளையோடு பிணைக்காமல் பிரித்து வைத்ததில் இருக்கிறது: கால் தன்பாட்டுக்கு நடக்கிறது, கை தன்பாட்டுக்கு எழுதுகிறது. ஆயினும் இந்தப் பிரிவினை முழுமையானதன்று. நடக்கும்போது டைப் அடிப்பதும் மவுஸை நுட்பமாக நகர்த்துவதும் ஓரளவு குன்றுகின்றன என்பது டென்னசி பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட பரிசோதனையில் தெரியவந்தது. டெலிபோனில் பேசவும் படிக்கவும் இது உகந்தது. கணக்குப் பார்க்கவும் படம் வரையவும் உட்காருவதே மேல்.

இடவசதி, அந்தரங்கம் என்னும் இரண்டு விஷயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கினெக்டின் முன் ஆறடியாவது விலகி நிற்க வேண்டும் என்பது பெரிய கூடங்கள் உள்ள அமெரிக்க வீட்டுக்குச் சொல்லப்பட்ட விதி. கட்டிலும் பீரோவும் டெலிவிஷனும் நெருங்கிக் கிடக்கும் சென்னைக் குடித்தனத்து ஒற்றை அறையில், அந்த ஆறடியைத் தேடுவதே ஒரு தேகப் பயிற்சியாகிவிடும். அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, காமிராவும் மைக்கும் கொண்ட அந்தக் கருவியைத் தன் புதிய விளையாட்டுப் பெட்டியோடு எப்போதும் இணைத்தே வைத்திருக்க வேண்டும் என்று 2013-இல் மைக்ரோசாப்ட் முதலில் விதித்தபோது எழுந்த ஆட்சேபம், அந்த விதியை அந்நிறுவனம் வாபஸ் பெறும்படி செய்தது. அடுத்த ஆண்டே அந்தப் பெட்டி கினெக்ட் இல்லாமலும் விற்பனைக்கு வந்தது. 2017-இல் கினெக்டின் உற்பத்தியே நின்றது. வெளிவந்த முதல் 60 நாட்களில் 80 லட்சம் விற்று கின்னஸ் சாதனை படைத்த ஒரு கருவிக்கு இந்தக் கதி நேர்ந்தது. ஆனால் அதன் முதல் வடிவத்துக்கு ஆழம் அறியும் கண்ணைக் கொடுத்த இஸ்ரேலியக் கம்பெனி பிரைம்ஸென்ஸை ஆப்பிள் நிறுவனம் 2013-இல் வாங்கியது. அந்த வகை நுட்பம் 2017 முதல் ஐபோனின் நெற்றியில் இருந்துகொண்டு சொந்தக்காரரின் முகத்தை அடையாளம் காண்கிறது. உடலை ஆட்டிவைக்கப் பிறந்த வித்தை, அசையாமல் பார்த்தாலே பூட்டைத் திறக்கும் வித்தையாக மாறிவிட்டது. 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ என்னும் தலைக்கவசக் கருவியிலோ, கண்ணால் பார்த்து, மடியில் வைத்த கையின் இரு விரல்களைச் சேர்த்தால் போதும். கையசைவுக் கணினியின் பரிணாமமே, அசைவைப் பெருக்குவதிலிருந்து சுருக்குவதை நோக்கித்தான் நடந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது, ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கிறது. அசைவே பலனாக இருக்கும் இடத்தில் இம்முறை வெற்றி பெறுகிறது. அசைவு வேறொரு பலனுக்குக் கொடுக்கும் கூலியாக இருக்கும் இடத்தில் தோல்வியடைகிறது. நடன மேடையில் ஆடுபவன் ஆடுவதற்காகவே ஏறினான். பக்கவாதத்திலிருந்து மீள்பவர் கையைத் தூக்கும் சக்தியைத் திரும்பப் பெறுவதற்காகவே திரைமுன் கையைத் தூக்குகிறார். அவர்களுக்கு அசைவைக் குறைத்துக் கொடுப்பதே துரோகம். கடிதம் எழுதுபவனுக்கும் பற்று வரவு பார்ப்பவனுக்கும் வேண்டியது கடிதமும் கணக்குமேயன்றி அசைவன்று. அவர்களை அசைத்து வேலை வாங்குவது, குறுக்கு வழி கிடைத்தவுடன் அவர்களே கைவிடப்போகும் ஒரு பாரத்தை ஏற்றுவதாகும். சுத்தமான கையோடு படம் புரட்டும் மருத்துவர் போன்றோர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். தொடாமை அவர்களுக்குப் பயன் தருகிறபடியால், கொஞ்சம் சிரமத்தை மனமுவந்து ஏற்கிறார்கள்.

அப்படியானால், நாளெல்லாம் உட்கார்ந்திருப்போரின் ஆரோக்கியத்துக்கு வழி என்ன? அந்தக் கேள்வியைக் கணினி செய்பவரிடம் கேட்பதில்தான் பிழை இருக்கிறது என்பது என் துணிபு. லண்டன் கண்டக்டர் படியேறியது டிக்கெட் இயந்திரத்தின் அமைப்பினால் அன்று. அவருடைய வேலை அப்படி வகுக்கப்பட்டிருந்ததனால். எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாதபடி வேலையைப் பகுத்து, இத்தனை நிமிஷத்துக்கு இத்தனை பதிவு என்று கணக்கு வைத்து, எழுந்து நடந்தவரின் திரை அணைந்திருந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும் ஒரு நிர்வாகம், அதே ஊழியருக்கு நிற்கும் மேஜையையும் நடக்கும் பட்டையையும் வாங்கிக் கொடுத்துத் தன் கடமை தீர்ந்ததாக நினைப்பது சௌகரியமான ஒரு சமாதானமே. விலை கொடுத்து வாங்கக்கூடிய சாதனமாகப் பரிகாரம் வந்து நிற்கும்போது, விலையின்றிக் கொடுக்க வேண்டிய ஓய்வு நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கணினியின் முன் அமரும் நேரத்தைச் சிக்கனமான சாதனங்களால் சுருக்கி, அப்படி மிச்சமாகும் நேரத்தை இன்னும் கொஞ்சம் வேலைக்கென்று பறித்துக்கொள்ளாமல் ஊழியரிடமே விட்டுவிடுவதுதான் நேரான வழி. அந்த நேரத்தில் அவர் நடப்பாரா, பந்தாடுவாரா, நடன மேடையில் ஏறி மிதிப்பாரா என்பது அவரவர் இஷ்டம்.