தோலுக்குள் இருக்கும் சுருதி

மிருதங்கத்தின் வலந்தலையில் இருப்பது ஒரே தோல் அல்ல. அதிர்வதற்கு மெல்லிய ஆட்டுத்தோல். அதன்மேல் விளிம்பில் வளையமாக மாட்டுத்தோல். இரு தலைகளையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோல். அவ்வளவு இழுவையை ஆட்டுத்தோல் தாங்காது.

தோலுக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் வளைந்தும் பின்னியும் கிடக்கின்றன. இழுக்கத் தொடங்கும்போது இழைகள் நிமிரும், தோல் நீண்டு கொடுக்கும். நிமிர்ந்தபின் விறைத்துக்கொள்ளும். நாதம் அந்த விறைப்பில்தான். ஈரக்காற்று பட்டால் இழைகள் நீரை வாங்கித் தளர்கின்றன, சுருதி இறங்குகிறது. மழைக்காலக் கச்சேரியில் வித்துவான் கல்லும் கட்டையுமாக விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பாரே, இதற்காகத்தான். (சிலருக்கு அந்தத் தட்டல் எரிச்சல், எனக்கு அதுவும் கச்சேரி.)

வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. நடுவே கல்லைப் பொடித்துச் சோற்றுப் பசையோடு பிசைந்து, மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்து ஏற்றும் கரணைதான் அவற்றை இசைய வைக்கிறது. சி.வி. ராமன் 1920-இலும் 1934-இலும் இதை ஆராய்ந்து எழுதினார். கரணையின் கனத்தைக் காதாலேயே அளந்த கைவினைஞர்கள் அவருக்கு வெகுகாலம் முந்தியவர்கள்.

கச்சேரி அழைப்பிதழில் அவர்கள் பெயர் வருவதில்லை. அடுத்த முறை போகும்போது, மிருதங்கம் கட்டியவர் யாரென்று கேட்டுப் பாருங்கள்.