இடிந்த கட்டடமும் இடியாத காட்சியும்

புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றில் இடம்பெற்ற கட்டடத்தை அக்காரணம் பற்றியே காத்தல் வேண்டுமா என்னும் வினா எளிதாகத் தோன்றலாம். விடையோ அத்துணை எளிதன்று. இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள கேட்ஸ்ஹெட் நகரில் 2010ஆம் ஆண்டு இடிக்கப்பட்ட டிரினிட்டி சதுக்கக் கார் நிறுத்துமிடம் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1967இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் ஓவன் லூடர் நிறுவனத்தாரின் ஆக்கம். அதன் வடிவமைப்பாளர் ரோட்னி கோர்டன். கடைத்தொகுதியின் மேல் அடுக்கடுக்காக எழுந்து, நகரின் எப்பகுதியிலிருந்து நோக்கினும் கண்ணிற்படும் வண்ணம் அது நின்றது. பூச்சும் வண்ணமும் இன்றிக் கற்காரையை உள்ளவாறே காட்டும் இக்கட்டட முறையைப் புரூட்டலிசம் என்பர். பண்படுத்தப்படாத கற்காரை எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரோடு உறவுடைய பெயர் அது. எனினும், ஆங்கிலச் செவிக்கு அது கொடுமையையே நினைவூட்டியமையால், பெயரே அம்முறைக்குப் பகையாயிற்று எனலாம்.

இக்கட்டடத்தை உலகறியச் செய்தது 1971இல் வெளிவந்த 'கெட் கார்ட்டர்' என்னும் திரைப்படம். டெட் லூயிஸ் எழுதிய நாவலைத் தழுவி மைக் ஹாட்ஜஸ் இயக்கிய இப்படத்தில், தமையனின் இறப்பிற்குக் காரணம் தேடி இலண்டனிலிருந்து வடக்கே வரும் கார்ட்டராக மைக்கேல் கெய்ன் நடித்தார். சூதாட்டப் பொறிகளால் பொருளீட்டிய பிரம்பி என்பான், இக்கட்டடத்தின் உச்சியில் உணவகம் அமைக்கக் கனவு காண்கிறான். கார்ட்டர் அவனை அங்கிருந்தே தூக்கி எறிந்து கொல்கிறான். உணவகத்திற்கு வரைபடம் வகுக்க வந்த கட்டடக் கலைஞர்களோ, தமக்குரிய ஊதியம் இனிக் கிட்டாதே என்று கவலையுறுகின்றனர்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் காட்டும் நெறி. உரிப்பொருளாகிய உணர்வு தான் நிற்பதற்கு ஓர் இடத்தை வேண்டும். அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், இக்கட்டடம் இப்படத்தின் வெறும் பின்னணி அன்று, முதற்பொருளே ஆகும். பேராசையும் இரக்கமின்மையும் அக்கற்காரையின் உருவில் கண்முன் நிற்கின்றன. வேறோர் இடத்தில் அக்கொலை நிகழ்ந்திருப்பின் அதன் பொருளே வேறாகியிருக்கும்.

இடிப்பதை எதிர்த்தோர் இத்திரைப்படப் புகழைப் பெரிதும் எடுத்துக்காட்டினர். ஈண்டு ஒரு முரண் உளது. படம் அக்கட்டடத்தைப் போற்றவில்லை. புதுப்பணத்தின் செருக்கிற்கு அடையாளமாகவே காட்டுகிறது. குற்றஞ்சாட்டிய சான்றையே பாதுகாப்பிற்குரிய சான்றாக நீட்டுவது வலிய வாதம் ஆகாது. மேலும், அதே படத்தின் இறுதிக் காட்சி பிளாக்ஹால் கடற்கரையில் நிகழ்கிறது. அங்கு நிலக்கரிச் சுரங்கக் கழிவு கடலிற் கொட்டப்பட்டது. 1981இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. பின்னர்க் கரையும் தூய்மை செய்யப்பட்டது. படத்தில் வந்தது என்பதற்காக அக்கழிவைக் காத்திருக்க வேண்டும் என அறிவுடையோர் எவரும் கூறார். ஆகவே, திரைப்புகழ் ஒன்றே காப்பதற்குப் போதிய காரணமன்று என்பது தெளிவு.

இடிக்க வேண்டும் என்றோர் வாதமும் குறையுடையதே. கட்டடம் அழகற்றது, சிதைந்தது என்பது அவர்தம் கூற்று. பேணாது விட்டால் கற்காரை கறைபடியும். நீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். உச்சியில் உணவகத்திற்கென அமைக்கப்பட்ட பகுதியோ இறுதிவரை திறக்கப்படவே இல்லை. புறக்கணிப்பின் விளைவைக் கட்டடத்தின் இயல்பாகக் கொள்வது, நீர் வார்க்காத செடியைப் பயனற்ற விதை எனப் பழிப்பதை ஒக்கும். இதே நிறுவனத்தார் போர்ட்ஸ்மத்தில் எழுப்பிய டிரைகார்ன் வணிக வளாகமும் 2004இல் இடிக்கப்பட்டமை நினைவுகூரத்தக்கது.

கேட்கப்பட வேண்டிய வினா வேறு. திரைப்படமே எடுக்கப்படாதிருப்பினும் இக்கட்டடம் தன் காலத்தின் சிந்தனைக்கு நேர்மையான சான்றாக நிற்குமா? நிற்கும் என்பதே நடுநிலை நோக்கிற்குப் புலப்படும் விடை. கார் நிறுத்துமிடம் போன்ற எளிய பயன்பாட்டிற்கும் சிற்பத்திற்குரிய உருவத்தை அளிக்கத் துணிந்தவர் கோர்டன். அத்துணிவே காக்கத்தக்கது. புகழின் ஒளி கண்ணைக் கூசச் செய்தமையால், இவ்வினா உரிய இடம் பெறவில்லை.

இடிக்கப்பட்ட கற்காரைத் துண்டுகளைச் சிறு தகரப் பெட்டிகளில் அடைத்து நகராண்மைக் கழகமே நினைவுப்பொருளாக விற்றது. வேண்டாம் எனக் கழித்ததையே விலை கொடுத்து வாங்கவும் ஆள் இருந்தனர் என்பது எண்ணத்தக்கது. அவ்விடத்தில் பேரங்காடியோடு கூடிய புதிய வளாகம் 2013இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அது பிரிட்டனின் மிக மோசமான புதுக்கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இடம்பெற்றது.

படம் இன்றும் காணக் கிடைக்கிறது. எனினும், காமிரா நின்ற இடங்களிலிருந்து மட்டுமே அக்கட்டடத்தை இனிக் காண இயலும். ஏறி இறங்கி, தொட்டு, வெறுத்து, பின்னர் மனம் மாறிப் போற்றும் உரிமை வருந்தலைமுறைக்கு இல்லை. இலக்கியம் பயில்வோர் இதனின்று கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. ஒன்றைப் பற்றிய புகழையும் பழியையும் விலக்கி, அப்பொருளையே முதலில் நோக்குதல் வேண்டும். திறனாய்வின் தொடக்கம் அதுவே.