பெருங்குடலுக்கு ஒரு வேலை: வேலூர் ஆய்வைப் பற்றி ஒரு மதிப்பீடு

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வாசகர்களுக்கு நொதி என்பது பாடப்புத்தகச் சொல் மட்டுமன்று. சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலை மென்மையாக்க ஒரு காலத்தில் நாயின் மலத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் வேலை செய்தவை குடலிலிருந்து வந்த நொதிகளும் நுண்ணுயிர்களும்தாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம் அதற்கு மாற்றாகக் கணைய நொதியைக் கொண்டுவந்தார்.

குடல் நுண்ணுயிர்களின் வேதியியலை நோயாளிக்கே பயன்படுத்த முடியுமா? இதே வட்டாரத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இதற்கு விடை தேடினார்கள். பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு போற்றத்தக்கது; நிறுத்துப் பார்க்கவும் வேண்டியது.

கருத்து என்ன?

காலராவில் உடல் நீரையும் உப்பையும் இழக்கிறது. உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுத்தால், சிறுகுடலில் குளுக்கோஸ் உள்ளே செல்லும்போது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது, நீர் பின்தொடர்கிறது. உயிர் பிழைக்கிறது. ஆனால் பேதி உடனே நிற்பதில்லை.

சர்க்கரையைக் கூட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. சவ்வூடு பரவல் அழுத்தம் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் என்றால் சுமார் 278 மில்லிமோல். அது மட்டுமே ஏறக்குறைய இரத்தத்தின் செறிவுக்கு ஈடாகிவிடும். அதனுடன் உப்பும் சேர்ந்தால் நீர் குடலுக்குள் இழுக்கப்படும். மாவுச்சத்தின் மூலக்கூறுகளோ மிகப் பெரியவை. அதே 50 கிராமில் எண்ணிக்கை மிகக் குறைவு.

வேலூர்க் குழுவினர் அமைலேஸ் நொதியால் எளிதில் வெட்ட முடியாத மக்காச்சோள மாவுச்சத்தைத் தேர்ந்தார்கள். அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவை உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் உட்செல்கின்றன. சும்மா இருந்த பெருங்குடலுக்கு வேலை கொடுத்ததே இவ்வாய்வின் அழகு.

எண்கள் சொல்வது

48 காலரா நோயாளிகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். வழக்கமான கரைசல் பெற்றவர்களுக்குப் பேதி சராசரியாக 90.9 மணி நேரம் நீடித்தது. லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தபோது 70.8 மணி, மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்தபோது 56.7 மணி. நோயாளிக்கும் அருகிலிருந்து பார்த்துக்கொள்பவருக்கும் 34 மணி நேரம் சிறிய இலாபமன்று.

நிறுத்துப் பார்த்தால்

முதலாவது, 48 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆயினும் ஆய்வு அதோடு நின்றுவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் செறிவு குறைந்த கரைசலைப் பரிந்துரைத்தது. அக்கரைசலில் குளுக்கோஸுக்குப் பதிலாக மாவுச்சத்தைச் சேர்த்து, 50 ஆண்களிடம் நடத்திய ஆய்வை வேலூர்க் குழுவினர் 2008இல் வெளியிட்டனர். அதிலும் பேதியின் காலம் குறைந்தது.

இரண்டாவது, மக்காச்சோளப் பிரிவினரின் மலத்தில் 32.6 கிராம் மாவுச்சத்து வெளியேறியது; வழக்கமான பிரிவில் 11.7 கிராம். செரிக்காமல் பெருங்குடலை அடைந்தது என்பதற்கு இது சான்று. ஒரு பகுதி வீணாயிற்று என்பதற்கும் இதுவே சான்று. பேதியில் பாக்டீரியாக்களும் அடித்துச் செல்லப்படுகின்றன. விறகு இருந்தும் அடுப்பு அணைந்திருந்தால் என்ன பயன்?

மூன்றாவது, இந்த மக்காச்சோள மாவு நம் மளிகைக் கடைச் சரக்கன்று. அரிசி மாவோ நம் வீட்டிலேயே உண்டு. அதுவும் 20 மணி நேரத்தைக் குறைத்தது. இந்த நடுப்பிரிவைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். என் பார்வையில் ஏழை நாடுகளுக்கு அதுவே முக்கியமான செய்தி.

ஓர் எச்சரிக்கை

ஆறிய சோற்றிலும் செரிக்காத மாவுச்சத்து சிறிது உருவாகிறது. ஆகவே பழைய சோறே காலராவுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவ்வாய்வில் சோதித்தது அதுவன்று, அளவும் அதுவன்று. பேதி கண்டால் முதலில் உப்பு–சர்க்கரைக் கரைசல், பிறகு மருத்துவர், இதில் மாற்றமில்லை.

மாணவர்களே, நல்ல ஆய்வைப் படிக்கும்போது வெற்றி பெற்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதன் பக்கத்துப் பத்தியில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். உங்கள் ஊருக்கு வேண்டிய விடை அங்கே இருக்கலாம்.