தெளிந்த பீர் முடிந்த பீர் அல்ல

வீட்டில் பீர் வடிப்பதை அனுமதிக்கும் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் நிறுவனம், லிபர்ட்டி ஏல் என்ற பீரில் காஸ்கேட் வகை ஹாப்ஸ் பூக்களைக் கொதிக்கவிடாமல் பின்னர் சேர்த்து ஊறவைத்திருந்தது. ஆங்கிலேயர் பீப்பாய்களில் நெடுங்காலம் செய்துவந்த இந்த டிரை ஹாப்பிங் இன்று வீட்டு வடிப்பாளர்களின் விருப்ப முறை.

அதன் நியாயம் வலுவானது. கொதியில் ஹாப்ஸின் ஆல்பா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். மிர்சீன் போன்ற எண்ணெய்களோ ஆவியோடு போய்விடும். இறக்கிவைத்த ரசத்தில் கொத்தமல்லி தூவுவதுபோல, சூடு தணிந்தபின் சேர்த்தால்தான் மணம் தங்கும்.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லஃபோன்டெய்ன், ஷெல்ஹாமர் ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் போட்ட அளவுக்கு மணம் கூடுவதில்லை. பழவாசனை பின்தங்கி, தேயிலை, மூலிகை வாசனை முன்னால் வருகிறது. கூடவே ஹாப்ஸின் பாலிஃபீனால்கள் மால்ட் புரதங்களோடு சேர்ந்து பீரைக் கலங்கடிக்கின்றன. கைநிறைய ஹாப்ஸைக் கொட்டிவிட்டு, அந்தக் கலங்கலை நீக்க ஜெலட்டின் தேடுவது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது.

பீரைக் குளிரவைத்துத் தெளியவிடுவதில் மெய்யான பயன் உண்டு. உறைநிலையை ஒட்டிய குளிரில் ஈஸ்ட்டும் ஹாப்ஸ் துணுக்குகளும் அடியில் படியும். துணுக்குகள் புட்டிக்குள் போனால், திறந்ததும் நுரை பொங்கி வழியும். ஆனால் குளிரும்போது கலனுக்குள் வாயு சுருங்கி, வாயு வெளியேறப் பொருத்திய ஏர்லாக் வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஆக்சிஜன் சில வாரங்களில் ஹாப்ஸ் மணத்தை மழுக்கி, நிறத்தையும் கருக்கிவிடும். கரியமில வாயு நிரப்பிய பலூனை ஏர்லாக்கின் இடத்தில் பொருத்தினால் இதைத் தடுக்கலாம், பலர் செய்வதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஹாப்ஸில் மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் உண்டு என்று பிரவுன், மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் 1893இலேயே எழுதினார்கள். ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின்களை அவை சர்க்கரையாக உடைக்க, முடிந்துவிட்டதாக நினைத்த நொதித்தல் மறுபடி தொடங்கும். ஹாப் கிரீப் என்று இதைச் சொல்கிறார்கள். குளிரில் ஈஸ்ட் உறங்கும், பீர் பளிங்காகத் தெளியும். வடிப்பாளர் அதை நம்பி, வாயு உண்டாக வழக்கமாகப் போடும் சர்க்கரையும் சேர்த்துப் புட்டியில் அடைப்பார். அறைச்சூட்டில் புட்டிக்குள் ஒப்படர்த்தி கூடுதலாக 0.004 இறங்கினாலே, பீரின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வாயு மிகையாகச் சேரும். சாதாரண பீரில் இருப்பதே சுமார் இரண்டரை மடங்குதான்.

ஆகவே ஹாப்ஸ் போட்டபின் நொதித்தல் சூட்டிலேயே பீரை வைத்து, ஹைட்ரோமீட்டர் காட்டும் ஒப்படர்த்தி சில நாள் மாறாமல் நின்ற பிறகே குளிரவைக்க வேண்டும். இடையில் வெண்ணெய் வாசனை எழுந்தால் அது டைஅசிட்டைல். ஈஸ்ட் அதை உறிஞ்சும்வரை இன்னும் பொறுக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு: மணத்தில் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும், ஹாப்ஸ் அதற்குமேல் கிடந்தால் புல்வாசனை ஏறும். பையில் கட்டிப் போட்டு இடையில் எடுக்கலாம். ஆனால் அதற்காகக் கலனைத் திறந்தால் காற்று புகும். மணமும் பாதுகாப்பும் சேர்ந்து அமையாதபோது, மணத்தில் கொஞ்சம் போனால் போகட்டும் என்பதே என் முடிவு. அழுத்தம் தாங்காமல் வெடிக்கும் கண்ணாடிப் புட்டி அருகில் நிற்பவரின் கண்ணைப் பறித்துவிடும்.