ரிவெர்பில் இருட்டு இரண்டு வகை

'சாம்பிள் ரேட்' என்று சொன்னதும் கணக்கு வாத்தியாரைக் கண்ட மாதிரி ஓடுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாடத்தை மூன்றே வரியில் முடித்துவிடுகிறேன். ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளக்கிறோம் என்பதே சாம்பிள் ரேட். அதில் பாதியைத் தாண்டிய அதிர்வெண் எதுவும் சரியாகப் பதிவாகாது. சி.டி.யில் 44,100 தடவை. காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் அதில் அடங்கிவிடும். பாடம் முடிந்தது, ரசனைக்கு வருவோம்.

ரிவெர்ப் என்பது ஒலி நின்ற பின்னும் தொடரும் முழக்கம். அதைச் செயற்கையாக உண்டாக்க 1976-இல் வந்த இஎம்டி 250 ரிவெர்ப் பெட்டி அளந்தது 24,000 தடவைதான். 1978-இன் லெக்சிகன் 224-இல் 20,000. மெமரி சிப் யானை விலை விற்ற காலம். குறைவாக அளந்தால்தான் அதே மெமரியில் நீண்ட முழக்கம் கொள்ளும். ஆகவே 224-இன் முழக்கம், பாதியான 10,000-ஐக்கூட எட்டாமல், ஏறக்குறைய 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இசையமைப்பாளர் வான்கெலிஸ் 'பிளேட் ரன்னர்' படத்தின் இசையை மிதக்கவிட்டது இதே பெட்டியில்.

'ஆகா, பழைய பெட்டியின் கதகதப்பு' என்று உருகும் விமர்சகரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த இருட்டைச் சொல்கிறீர்கள்? கல் மண்டபத்தில் கை தட்டிப் பாருங்கள். முழக்கம் பளிச்சென்று பிறந்து, போகப்போக மங்கும். 2 விநாடியில் ஒலி சுமார் 680 மீட்டர் அலைகிறது. அத்தனை தூரத்துக் காற்றும் உச்ச அதிர்வெண்களைத் தின்றுவிடுகிறது. இது மெல்ல அணையும் இருட்டு. 224-இன் இருட்டோ பிறவியிலேயே வந்தது. 'ஸ்' என்று சொல்லுங்கள். மண்டபத்தில் அந்தச் சீறலும் திரும்பி வந்து பிறகு உதிரும். 224-க்குள் சீறலின் உச்சி நுழைவதே இல்லை. பாடகியின் 'ஸ' நேர்க்குரலில் மட்டும் மின்ன, பின்னால் மெத்தை விரிகிறது. சொல் கலங்காமல் இருப்பது இதனால்தான்.

சாம்பிள் ரேட்டை 192 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1,92,000 தடவை, என்று போட்டால் ரிவெர்ப் தானாக இனிக்கும் என்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். ஊசிப்போன சாம்பாருக்கு வெள்ளிக் கிண்ணம் எதற்கு?

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கும் பல வருடம் இரண்டு இருட்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஒரு ராத்திரி ரிவெர்பில், உச்ச அதிர்வெண்களைப் போகப்போக மங்கவைக்கும் டேம்பிங் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். முழக்கத்தின் தொடக்கத்தில் வந்த சீறல் அடங்கவில்லை. உச்ச அதிர்வெண்களை ஒரேயடியாக வெட்டும் ஹை கட்டைத் தொட்டேன், அடங்கியது. டேம்பிங் மண்டபத்தின் இருட்டு. ஹை கட் 224-இன் இருட்டு. இன்றைக்கே ஹெட்ஃபோனை மாட்டி, ஒரே ஒரு 'ஸ்' பதிவு செய்து, இரண்டையும் தனித்தனியாகத் திருகிப் பாருங்கள்.