காலைக் காணோம்!

உங்கள் செல்போன் கேமராவில் ‘கிரிட்’ என்று ஒரு வசதி இருக்கும். போட்டுப் பாருங்கள். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடுகள் வந்து திரையில் ஒன்பது கட்டம் விழும். எடுக்கிற விஷயத்தை நட்டநடுவில் வைக்காதே, கோடுகள் வெட்டிக்கொள்கிற நாலு புள்ளிகளில் ஒன்றில் வை என்பார்கள். ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி. 1797-ல் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேய ஓவியர் இதற்குப் பெயர் வைத்தபோது கேமராவே கிடையாது!

பி.காம். படித்தவனுக்கு விதி கிடைத்தால் விடுவானா? ஒரு ஞாயிறு காலை யானைக்கவுனிக்குப் போய்விட்டேன். வால்டாக்ஸ் ரோட்டில் முதுகில் மூட்டையோடு ஒருவர் வந்தார். இடது கோட்டில் மூட்டை, வலது பக்கம் வெற்றிடம். பாலன்ஸ் ஷீட் மாதிரி டாலி ஆகிவிட்டது. அவரிடமே பெருமையாகக் காட்டினேன்.

“இன்னா சார், காலக் காணோம்? பாரம் பூரா அதுலதான நிக்குது!”

சுருக்கென்றது. அப்போது ஞாபகத்துக்கு வந்தவர், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே ப்ரெஸ்ஸோன். 1932-ல் பாரிஸின் சேன் லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவர் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். தேங்கின தண்ணீரை ஒரு ஆள் தாவுகிறார். குதிகால் தண்ணீரைத் தொட இன்னும் இழையளவுதான் பாக்கி. பின்னால் சுவரொட்டியிலும் ஒரு உருவம் தாவுகிறது. தண்ணீரில் பிம்பம் தலைகீழாகத் தாவுகிறது.

எடுத்த படத்தை வெட்டக் கூடாது என்பதில் பிடிவாதக்காரர் அவர். ஆனால், இந்தப் படத்தை வெட்டினார். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால், ஓரத்தில் பலகை மறைத்துவிட்டது. கவனியுங்கள், அவர் வெட்டியது பலகையை. குதிகாலை அல்ல!

அந்த ஆளும் வலது பக்கமாகத்தான் இருக்கிறார். ஆகவே, விதி பொய்யில்லை. எங்கே வைப்பது என்று அது சொல்லும். எதை விடக் கூடாது என்று சொல்லாது. வடசென்னை என்றாலே புகைக்கூண்டு, குப்பைமேடு, முன்னால் வெறுங்காலோடு ஒரு குழந்தை என்று எடுத்துத் தள்ளுகிறோமே, அதிலெல்லாம் கோடு சுத்தமாக இருக்கும். அந்த மனிதர்கள் செய்கிற வேலை மட்டும் ஃபிரேமுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். கணக்கில் ஒரு பதிவை விட்டுவிட்டும் டாலி பண்ணலாம். ஆடிட்டர்களுக்குத் தெரியும்.

நாலு அடி பின்னால் போய், குந்தி உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். ஆள் நட்டநடுவில். தெரு கொஞ்சம் சாய்ந்திருந்தது. பாதம் இரண்டும் தரையில் அழுந்தி நின்றன.

பார்த்தார். “இத்த வாட்ஸ்அப்புல அனுப்பு சார்” என்றார்.

முதல் படத்தை அவர் கேட்கவே இல்லை.