திருமுகப் பாசுரமும் வேண்டுகோள் மரபும்

முன்பின் அறியாத ஒருவரிடம் உதவி வேண்டுதல் எளிய செயலன்று. 1544ஆம் ஆண்டில் மன்னார் மக்கள், எதிர்க்கரையில் சமயப்பணி புரிந்த பிரான்சிசு சவேரியாரைத் தம் தீவுக்கு வருமாறு தூதனுப்பி வேண்டினர். அவர் தமக்கு மாறாகக் குரு ஒருவரை அனுப்பினார். புதுச் சமயந் தழுவிய மக்களுள் நூற்றுக்கணக்கானோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் கோவில் இன்றும் அவர்களை நினைவூட்டுகின்றது. ஒரு வேண்டுகோளின் பின்னே மாந்தர்தம் வாழ்வே நிற்றல் கூடும் என்பது இதனாற் புலனாகும்.

அத்தகைய வேண்டுகோளை எங்ஙனம் வரைதல் வேண்டும்? தோட்டவெளிக்கு அணித்தேயுள்ள மாதோட்டக் கரைத் திருக்கேதீச்சரத்தைப் பாடியவர் சுந்தரர். அவர்தம் தோழர் சேரமான் பெருமாள். அச்சேரமானுக்கு ஆலவாய் இறைவன் விடுத்த ஓலை எனப் போற்றப்படும் திருமுகப் பாசுரம், பதினோராந் திருமுறையின் முதற்கண் அமைந்துள்ளது. மதுரைப் பாணனாகிய பாணபத்திரனைச் சேரனுக்கு அறிமுகஞ் செய்யும் மடல் அது. இறைவனே எழுதினான் என்னும் மரபை ஒருபுறம் வைத்து நோக்கினும், மடலிலக்கியத்துக்கு அது தலைசிறந்த சான்றாகும்.

அனுப்புநரின் ஊரும் பெயரும், பெறுநரின் சிறப்பு, ஓலை கொணர்வோன் தகுதி, வேண்டும் பொருள் என நான்கும் சில அடிகளுள் முறையே அடங்கியுள்ளன. மன்னனைப் புகழ்தல் முகமனாகாதோ எனின், ஆகாது. புலவர்க்கு மழைபோல் வழங்கும் ஈகையே முதற்கண் கூறப்படுகின்றது. குடைச்சிறப்பும் படைச்சிறப்பும் பின்னரே வருகின்றன. வேண்டுகோளுக்கு இயைந்த பண்பைச் சுட்டும் புகழ்ச்சி நினைவூட்டலேயன்றி இச்சகமன்று.

இம்மடலின் உயிர்நிலை பாணனைக் குறிக்கும் இடத்தில் உள்ளது. அவன் வறியன் என்றோ இரங்கத்தக்கவன் என்றோ ஓலை கூறவில்லை. சேரனைப் போலவே தன்பால் அன்புடையவன் என்றே கூறுகின்றது. அரசனும் பாணனும் அன்பினால் ஒருநிகர் ஆகின்றனர். 1919இல் எட்டயபுர மன்னருக்குப் பாரதியார் விடுத்த சீட்டுக்கவியிற் கவிஞர் தம் பெருமையைத் தாமே நாட்டுகின்றார். ஈண்டோ பிறனொருவன் பெருமையை அனுப்புநர் காக்கின்றார்.

ஓலை வேண்டியது பொருள் கொடுத்து விடுத்தலை மட்டுமே. சேரமான் தன் அரசையும் அளிக்க முன்வந்தமையும், பாணன் தனக்கு வேண்டியது மட்டும் கொண்டு மீண்டமையும் பெரியபுராணத்தாற் பெறப்படும். அளவறிந்து வேண்டிய மடல், கொடுப்போனையும் கொள்வோனையும் ஒருங்கே உயர்த்தியது. விண்ணப்பம் வரையப் பயிலும் மாணவர், இரங்கச் செய்யும் சொல்லினும் மதிக்கச் செய்யும் சொல்லே வலிது என்பதை இப்பாசுரத்தின்கண் கற்றல் தகும்.